பிரஷர் கீசரில் சேஃப்டி வால்வு சொட்டினால் எங்கே கைவைப்பது?

சேஃப்டி வால்வு சொட்டினால் வால்வையே மாற்றிவிடுவது வழக்கம். பத்து நாளில் புது வால்வும் சொட்டத் தொடங்கும். பெரும்பாலும் உள்ளே அழுத்தம் கூடியதை அந்த வால்வு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கூட்டியது வேறு ஏதோ. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனரை எடுத்தால் காசுதான் வீண்.

அதைவிட மோசமான வழக்கம், சொட்டும் வாயில் எண்ட் பிளக் போட்டு அடைப்பது. 7 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 170 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, வால்வும் அடைபட்டிருந்தால் டேங்க் கிழியும். கிழிந்த நொடியில் அந்த நீரில் ஒரு பங்கு ஆவியாக மாறும். நீர் ஆவியானால் சுமார் 1600 மடங்கு விரியும், சுவரே பெயர்ந்துவிடும். வால்விலிருந்து வரும் குழாயில் எந்த இடத்திலும் மூடித் திறக்கும் டேப் இருக்கக் கூடாது. குழாய் கீழ்நோக்கிச் சரிந்து, முனை திறந்தபடி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிய வேண்டும். பெரிய மூடிய டேங்குகளில் கைவைக்க உரிமம் பெற்றவரைத்தான் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது. அங்கே வீட்டுக்காரர் பார்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சொட்டு எப்போது விழுகிறது?

சூடேறும்போது மட்டும் சொட்டி, வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் நின்றுவிட்டால் காரணம் நீரின் விரிவு. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 340 மில்லி கூடுதல் இடம் கேட்கும். நுழைவாயிலில் நான்-ரிட்டர்ன் வால்வு (நீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு) உள்ள சின்ன கீசரில் அந்த 340 மில்லிக்கு சேஃப்டி வால்வைத் தவிர வேறு வழியில்லை. எனவே அங்கே சொட்டுவது இயல்பு. ஒருபோதும் சொட்டாத கீசரைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ஒன்று நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகி நீர் வந்த வழியே திரும்புகிறது, இல்லையேல் சேஃப்டி வால்வு உப்பில் இறுகிவிட்டது.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும், குறிப்பாக நள்ளிரவில் சொட்டினால், உள்ளே வரும் அழுத்தமே அதிகம். இரவில் யாரும் தண்ணீர் எடுக்காததால் லைனில் அழுத்தம் ஏறும். பிரஷர் குறைக்கும் வால்வு பழுதாகியிருந்தால் அதைத் தடுக்காது. குளிர்நீர் லைனில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி இரவு பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பிரஷர் குறைக்கும் வால்வைக் கழற்றி, அதன் வடிகட்டி வலையில் மணல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவிப் போட்டாலே பலருக்குச் சரியாகிவிடும்.

இரண்டும் இல்லாமல் ஓயாது மெலிதாகக் கசிந்தால், வால்வின் இருக்கையில் துரும்பு சிக்கியிருக்கலாம். லீவரை மூன்று நான்கு முறை முழுதாகத் தூக்கி விடுங்கள். வருவது கொதிநீர், கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள். பிறகும் நிற்காவிட்டால் மட்டும் வால்வை மாற்றலாம். புதியதில் பொறித்திருக்கும் பார் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

சொட்டாக இல்லாமல் கொதிநீர் பீறிட்டு வந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆனால் குளிர்நீர் வால்வை மூடாதீர்கள். உள்ளே வரும் குளிர்நீர்தான் டேங்கைத் தணிக்கும்.

விரிவுக் கலம்

100, 200 லிட்டர் டேங்குகளில் விரியும் நீரை ஏந்த ஒரு தனிக் கலம் உண்டு. உள்ளே ரப்பர் தடுப்பு. ஒருபக்கம் நீர், மறுபக்கம் காற்று. 200 லிட்டர் டேங்குக்கு 18 முதல் 24 லிட்டர் வரையுள்ள கலம் போடுவார்கள். ஆண்டுக்கணக்கில் காற்று மெல்லக் கசிந்து தீர்ந்தால் சூடேறும்போதெல்லாம் சேஃப்டி வால்வு சொட்டும். இங்கே வால்வை மாற்றுவது சுத்த வீண்.

சோதிக்கும் முன் மின்சாரத்தையும் குளிர்நீர் வால்வையும் நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்யமாக்குங்கள். இதைச் செய்யாமல் டயர் கேஜை வைத்தால் அது லைன் அழுத்தத்தையே காட்டும், காற்று நிறைய இருப்பதாக ஏமாந்துபோவோம். கலத்தின் மேலுள்ள சின்ன மூடியைக் கழற்றினால் சைக்கிள், கார் டயரில் இருப்பது போன்ற வால்வு தெரியும். அதன் ஊசியை நகத்தால் ஒரு நொடி அழுத்துங்கள். காற்று வந்தால் நல்லது. தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, காற்றடித்துப் பயனில்லை. கலத்தை மாற்ற வேண்டும்.

காற்று வந்தால், வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்க, கால் பம்பால் காற்றடியுங்கள். அளவு, பிரஷர் குறைக்கும் வால்வில் வைத்திருக்கும் அழுத்தத்துக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ இருக்கட்டும். 3 பார் என்றால் டயர் கேஜில் 43 அல்லது 44 பிஎஸ்ஐ. அடிக்க அடிக்க வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வெளியேறுவதைப் பார்க்கலாம். ரப்பர் தள்ளுகிறது என்று அர்த்தம்.

சூடாகவில்லை என்றால்

2000 வாட் எலிமென்ட், 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 21 நிமிடம் எடுக்கும். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலிமென்டில் உப்பு படிந்ததால் சூடாக நேரமாகிறது என்பார்கள். மின்சார ஹீட்டரில் அது சரியான விளக்கம் அல்ல. நீருக்குள் இருக்கும் எலிமென்டின் வெப்பத்துக்கு நீரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. உப்பு செய்யும் கேடு வேறு: உறை தாங்க முடியாமல் சூடாகி, கிர்ரென்று இரைந்து, கடைசியில் பிளந்து, மின்சாரம் எர்த்தில் கசியும். பாய்லரோ சோலாரோ சூடாக்கும் சுருள் குழாயில் மட்டும் உப்பு படிந்தால் வெப்பம் குறைவாகவே ஏறும்.

எம்சிபியை இறக்கி, டெஸ்டரோடு மல்டிமீட்டரிலும் மின்சாரம் இல்லையென்று உறுதி செய்தபின் எலிமென்டின் ஒயர்களைக் கழற்றி மின்தடையை (ஓம்) பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 26.5 ஓம் அளவிலும், 3000 வாட் என்றால் 17.6 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் எலிமென்ட் அறுந்தது. டெர்மினலுக்கும் உலோக உறைக்கும் இடையே ஏதாவது ஓம் காட்டினால் எர்த் கசிவு. எம்சிபி இறங்காவிட்டாலும் எலிமென்டை மாற்றியே ஆக வேண்டும்.

எலிமென்ட் சரியாயிருந்தால், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டின் சிவப்புப் பொத்தானைப் பாருங்கள். தண்ணீர் ஆறியபின் அழுத்தினால் உள்ளே போய் நிற்கும். திரும்பவும் ட்ரிப் ஆனால் மறுபடி அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிப்போயிருக்கும், அல்லது அது அமரும் குழாயைச் சுற்றி உப்பு படிந்திருக்கும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மிகவும் கீழே வைத்தால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுக்கும், மேலே போனால் உப்பு வேகமாகப் படியும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் குழாய்க்கு முன்னால் ஒரு மிக்சிங் வால்வு வேண்டும்.

திறந்தபின் பார்க்க வேண்டியவை

ஃபிளாஞ்சை (எலிமென்ட் பொருந்தியிருக்கும், போல்ட் போட்ட மூடி) திறக்கும் முன் டேங்க் காலியாக வேண்டும். குளிர்நீரை மூடி, வெந்நீர்க் குழாயையும் சேஃப்டி லீவரையும் திறந்து காற்று உள்ளே போக விடுங்கள். காற்றுக்கு வழியில்லாமல் வடித்தால் மெல்லிய செம்பு டேங்க் உள்வாங்கிச் சுருங்கும்.

எனாமல் பூசிய டேங்கில் இருக்கும் மெக்னீசியம் ஆனோட் கம்பி, டேங்க் துருப்பிடிக்காமல் காக்கத் தன்னைத் தானே அரித்துக்கொள்வது. பாதிக்குமேல் தேய்ந்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றுங்கள். கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் வைத்த வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அலுமினியம்-துத்தநாக ஆனோட் போட்டுப் பாருங்கள். அடியில் சேர்ந்த உப்பை மரக்கரண்டியால் அள்ளி, எலிமென்டைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவையுங்கள். கழிவறை கழுவும் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி விழச் செய்யும். அந்தப் பக்கமே போகாதீர்கள். டேங்கே ஓட்டையாகியிருந்தால் வெல்டிங் எதுவும் வேண்டாம், புதியதுதான்.

மூடும்போது புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வெந்நீர்க் குழாயில் காற்று துப்பாமல் நீர் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். காலி டேங்கில் எலிமென்ட் சில நொடிகளில் எரிந்துவிடும். முதல்முறை சூடாக்கி ஆறியபின் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஃபிளாஞ்சின் கீழ்விளிம்பில் ஒரு டிஷ்யூ தாளைச் செருகி, மறுநாள் காலையில் எடுங்கள். தாளின் ஓரம் நனைந்திருந்தால் அந்தப் பக்கத்து போல்ட்டை மட்டும் இன்னும் கால் சுற்று.