ஐடிலில் உதறிய மூணு சிலிண்டர்

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) காலத்துச் சின்ன கார். 800 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, மூணு சிலிண்டர். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சூடேறி சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டியரிங் வரை உதறும். கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு நல்ல பழுப்பு, மூணாவது மட்டும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. கலவையில் காற்று கூடினால் பிளக் இப்படி வெளுக்கும். அந்த சிலிண்டருக்கு மட்டும் எங்கிருந்தோ கூடுதல் காற்று போகிறது! ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, த்ராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அப்போது சின்னக் கசிவும் கலவையைக் கெடுத்துவிடும். வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது.

பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டர் இன்ஜினின் உறிஞ்சலில்தான் வேலை செய்கிறது. அதன் ஹோஸ், அந்த சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்து அனுப்பும் குழாயில்) சேர்கிறது. பிளையரில் துணி சுற்றி அதை அழுத்தினேன். உதறல் பட்டென்று நின்றது. கழற்றி வளைத்தால், கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் அளவு வெடிப்பு வாயைத் திறக்கிறது. கொஞ்ச நாளாக பிரேக் பெடல் கனமாக இருந்ததும் இதனால்தான். வயசாகிவிட்டது என்று நினைத்தேன், எனக்கு!

தடித்த வேக்குவம் ஹோஸ்தான் போட வேண்டும். சாதா பெட்ரோல் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போகும். ஹோஸில் வரும் ஒருவழி வால்வின் (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுவது) அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கணும். மாட்டியதும் ஐடில் நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு எகிறியது. யாரோ முன்பே ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிக் கோளாறை மறைத்திருக்கிறார்கள். 900-க்கு இறக்கினேன். இப்போது சிக்னலில் இன்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.