தண்ணீர், பனிக்கட்டி, நீராவி: திரித்துவத்தைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுநாள் பள்ளியில் திரித்துவப் பாடம் (கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவர் என்னும் போதனை) வந்துவிட்டால் கரும்பலகையில் முதலில் விழுவது தண்ணீர்தான். உறைந்தால் பனிக்கட்டி, கொதித்தால் நீராவி, மூன்றும் ஒரே தண்ணீர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியும் அப்படியே. பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் புரிந்தது திரித்துவம் அல்ல. குவளையில் இருக்கும் தண்ணீர் உறைந்தபின் அது தண்ணீராக ஓடாது. ஒன்றே வடிவம் மாறி மாறி வருகிறது. அதாவது ஒரே ஆள், மூன்று வேடம். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் சபெல்லியு என்பவர் கற்பித்ததாகச் சொல்லப்படுவது இதுவே. திருச்சபை அதை அப்போதே தள்ளிவிட்டது.

இந்த உவமையை உடைக்க மாற்கு 1:9-11 போதும். குமாரன் யோர்தானில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். ‘ஒரே மனிதர் வீட்டில் அப்பா, மனைவிக்குக் கணவர், அலுவலகத்தில் மேலாளர்’ என்ற உவமையும் இதே குழியில்தான் விழுகிறது. அந்த அப்பா அந்த மேலாளரிடம் பேச மாட்டார். இயேசுவோ பிதாவிடம் ஜெபித்தார்.

முட்டை உவமை நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு மூன்றும் சேர்ந்தால்தான் முட்டை. ஓடு மட்டும் முட்டை ஆகாது. பிதா கடவுளின் மூன்றில் ஒரு பங்கு என்று எந்த விசுவாச அறிக்கையும் சொன்னதில்லை. 1×1×1=1 என்ற கணக்கு மேடையில் கைதட்டல் வாங்கும்; ஆறு ஒன்றுகளைப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பதில் இருக்காது. சூரியனும் ஒளியும் மட்டும் கொஞ்சம் வேறு. நிசேயா சங்கம் 325-இல் எழுதிய விசுவாச அறிக்கையே ‘ஒளியிலிருந்து ஒளி’ என்கிறது. சூரியன் இருந்து ஒளி இல்லாத நேரம் கிடையாது, அதுபோல குமாரன் இல்லாமல் பிதா இருந்ததே இல்லை என்று காட்ட மட்டும் அதைப் பயன்படுத்தினால் பிழையில்லை. வெப்பத்தையும் சேர்த்து ‘அதுதான் ஆவி’ என்று இழுக்கும்போது ஆவியானவர் வெறும் ஆற்றலாகிவிடுகிறார்.

இரண்டு கேள்விகள்

இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்வதால் வருகின்றன: ‘என்ன?’, ‘யார்?’. கடவுள் என்ன என்று கேட்டால் விடை ஒன்று: ஒரே இறைமை, ஒரே சித்தம், ஒரே வல்லமை. யார் என்று கேட்டால் விடை மூவர். ஒரே கேள்விக்கு ஒன்று என்றும் மூன்று என்றும் விடை சொன்னால்தான் முரண்பாடு. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடைகள் இருப்பது முரண்பாடு அல்ல. அது எப்படி என்று மனித அறிவுக்கு முழுக்க எட்டாது என்பது வேறு விஷயம்.

பாடம் எடுப்பவர் இந்த ஏழு வாக்கியங்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது: பிதா கடவுள். குமாரன் கடவுள். ஆவியானவர் கடவுள். பிதா குமாரன் அல்லர். குமாரன் ஆவியானவர் அல்லர். ஆவியானவர் பிதா அல்லர். கடவுள் ஒருவரே. எந்த உவமையையும் இந்த ஏழோடு உரசிப் பாருங்கள். தண்ணீர் நடு மூன்றில் தோற்கும். முட்டை முதல் மூன்றில் தோற்கும். மூன்று நண்பர்கள் என்ற உவமை கடைசி வாக்கியத்தில் தோற்கும்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் காலைவாரும் இடமும்

யோவான் 10:30-ஐப் பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகமம் ‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்’ என்று தருகிறது. ‘ஒருவராயிருக்கிறோம்’ என்று இல்லை. கிரேக்க மூலத்திலும் ஆண்பால் ‘ஹெய்ஸ்’ வரவில்லை, பால் சாராத ‘ஹென்’தான் வருகிறது. ஆங்கிலத்தில் மறைந்துபோகும் இந்த வேறுபாட்டை நம் திணை இலக்கணம் அப்படியே காட்டிவிடுகிறது. ‘இயேசுவும் பிதாவும் ஒரே ஆள்’ என்பதற்கு இந்த வசனத்தைக் காட்டுகிறவர்கள் தமிழை மெதுவாக வாசித்தாலே போதும். ‘-ஓம்’ என்ற பன்மை விகுதியும் அங்கேயே இருக்கிறது.

அதே திணை வேறு இடத்தில் காலை வாரும். ‘வார்த்தை’, ‘ஆவி’ இரண்டும் அஃறிணைச் சொற்கள். யோவான் 1:1 ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று அஃறிணையில் தொடங்குகிறது. அங்கேயே வாசிப்பை நிறுத்திவிட்டால், வார்த்தை என்பது கடவுள் மனதில் இருந்த திட்டம் என்று எண்ணத் தோன்றும். அடுத்த வசனத்திலேயே ‘அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்’ என்று உயர்திணை வந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். ‘ஆவி’ என்றால் நம் ஊரில் பேயும் உண்டு, இட்லிப் பானையும் உண்டு. ஆகவே ‘ஆவி வந்தது’ என்று பேசாமல் ‘ஆவியானவர் வந்தார்’ என்று பேசிப் பழக வேண்டும். அவர் ஆள்தன்மை உடையவர் என்பதற்கு எபேசியர் 4:30 (துக்கப்படுத்தலாம்), அப்போஸ்தலர் 13:2 (பேசுகிறார்) ஆகியவற்றைக் காட்டலாம். அவர் கடவுள் என்பதற்கு அப்போஸ்தலர் 5:3-4 போதும்: ஆவியானவரிடம் சொன்ன பொய்யைக் கடவுளிடம் சொன்ன பொய் என்கிறார் பேதுரு.

கத்தோலிக்க வழிபாட்டில் சொல்லும் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய காதில் ‘பொருள்’ என்றால் சாமான், செல்வம், அர்த்தம். அங்கே அது ‘மெய்ப்பொருள்’ என்பதில் வரும் பொருள் என்று ஒரு வரி விளக்கினால் தீர்ந்தது. ‘ஒரே தன்மை’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு வேறு ஆபத்து. இரண்டு வளையல்களுக்குத் தங்கத்தன்மை ஒன்றே, ஆனாலும் வளையல்கள் இரண்டு. அப்படிப் புரிந்துகொண்டால் கடவுள்கள் மூன்றாகிவிடும்.

வசனத்தைத் தவறாகக் கையாளுதல்

திரித்துவத்துக்கு ஆதாரம் கேட்டால் பலர் முதலில் திறப்பது 1 யோவான் 5:7: ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’. அதை விட்டுவிடுங்கள். பழைய கிரேக்கக் கைப்படிகளில் அந்த வரி இல்லை. அறிஞர் எராஸ்மஸ் தாம் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில்தான் சேர்த்தார். பழைய திருப்புதலில் அது இருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இல்லை. நான்காம் நூற்றாண்டில் இந்தக் கோட்பாட்டுக்காகவே மல்லுக்கட்டிய கிரேக்கத் தந்தையர் அதை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? ஆட்டங்காணும் இந்தத் தூணில் கட்டிடத்தைச் சாய்த்து வைத்தால், தூண் விழும்போது கேட்பவர் கட்டிடமே விழுந்துவிட்டதாக நினைப்பார். மத்தேயு 28:19-இல் மூவர் பெயரைச் சொல்லி ‘நாமத்திலே’ என்று ஒருமையில் முடிகிறது. 2 கொரிந்தியர் 13:14 மூவரையும் ஒரே ஆசியில் வைக்கிறது. இவற்றின் பாடத்தில் அப்படிச் சிக்கல் இல்லை.

கடவுளைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘எலோகிம்’ பன்மை, ஆகவே திரித்துவம் என்பதும் இதே வகை அவசரம். நியாயாதிபதிகள் 16:23-இல் பெலிஸ்தரின் தாகோன் என்ற ஒற்றைத் தெய்வத்துக்கும் அதே எபிரேயச் சொல்தான் வருகிறது. மரியாதைப் பன்மை பேசியே வளர்ந்த தமிழருக்கு இது புதிதா என்ன?

திரித்துவத்தை மறுப்பவர்கள் அடிக்கடி காட்டுவது கொலோசெயர் 1:15, ‘சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்’. இதை ‘முதலில் படைக்கப்பட்டவர்’ என்று வாசிப்பது தவறு. சங்கீதம் 89:27-இல் தாவீதை முதற்பேறாக்குவேன் என்கிறார் கடவுள். தாவீதோ ஈசாயின் கடைக்குட்டி. முதற்பேறு என்பது அங்கே உரிமையும் மேன்மையும். கொலோசெயர் அடுத்த வசனம், சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்று காரணமும் சொல்கிறது.

‘என் பிதா என்னிலும் பெரியவர்’ (யோவான் 14:28) என்பதை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துவது இன்னொரு தவறு. கேள்வி எப்படியும் வரும். பிலிப்பியர் 2:6-8-ஐப் பக்கத்தில் வைத்து, மனிதராகத் தம்மைத் தாழ்த்திய நிலையில் பேசுகிறார் என்று விளக்குவது பொதுவான பதில். உயிர்த்தெழுந்த இயேசுவிடம் தோமா சொன்ன ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ (யோவான் 20:28) வெறும் ஆச்சரியக்குரல் என்பவர்களுக்கு அந்த வசனத்தின் முன்பாதியே விடை: ‘அவருக்குப் பிரதியுத்தரமாக’ என்று எழுதியிருக்கிறது.

நிசேயாவில் நடந்ததும் நடக்காததும்

கான்ஸ்டன்டைன் பேரரசர் 325-இல் நிசேயாவில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டி, வாக்கெடுப்பில் இயேசுவைக் கடவுளாக்கினார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஏறத்தாழ 112-இல் பித்தினியாவின் ஆளுநர் இளைய பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிவிட்டார். நிசேயாவுக்கு இருநூறு ஆண்டு முன்னால். வேதாகமப் புத்தகங்களின் பட்டியலும் நிசேயாவில் முடிவானதல்ல.

அங்கே பிரச்சினை வேறு. குமாரன் தெய்வீகமானவர் என்பதை அலெக்சாந்திரியாவின் குரு அரியூஸும் ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் குமாரன் படைப்புகளில் தலைசிறந்தவர், அவர் இல்லாதிருந்தது உண்டு என்றார். சங்கம் ‘பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்’ என்று எழுதியது. (அரியூஸின் கொள்கையை ‘ஆரியக் கொள்கை’ என்று எழுதாதீர்கள், தமிழ்நாட்டில் வாசகர் மனம் வேறெங்கோ போய்விடும்.) அதோடு சண்டை ஓயவுமில்லை. நிசேயாவின் முடிவுக்காக நின்ற ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஆவியானவரைப் பற்றிய பகுதி 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில்தான் விரிந்தது.

பாதி கடவுள், பாதி மனிதர்

கிறிஸ்துவைப் பற்றிப் பேசும்போது ‘உடல் மனித உடல், உள்ளே இருந்தது கடவுள்’ என்பார்கள். நான்காம் நூற்றாண்டு ஆயர் அப்பொல்லினாரியு சொன்னது ஏறத்தாழ இதுவே. 451-இல் கல்கெதோன் சங்கம் ஒரே ஆள், இரண்டு இயல்புகள் என்றும், அவை கலக்காமலும் மாறாமலும் பிரியாமலும் பிளவுபடாமலும் இருக்கின்றன என்றும் வரையறுத்தது. அவருக்கு மனித உடல் மட்டுமல்ல, மனித மனமும் மனித சித்தமும் உண்டு. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை கல்கெதோனை ஏற்பதில்லை; அதனால் அவர்கள் இயேசுவின் மனிதத்தன்மையை மறுக்கிறார்கள் என்று சொல்வதும் தவறு, அவர்களும் அவரை முழுக் கடவுள், முழு மனிதர் என்றே அறிக்கையிடுகிறார்கள்.

‘அவதாரம்’ என்ற சொல் நம் கீர்த்தனைகளில் தாராளமாக உண்டு. பயன்படுத்தலாம், வேறுபாட்டைச் சொல்லிவிட்டு: இங்கே ஒரே முறை, திரும்பக் களைந்துவிடாத மனிதத்தன்மை. உயிர்த்தெழுந்த பின்னும் அவர் மனிதரே. மும்மூர்த்தி ஒப்பீட்டைத் தவிர்ப்பதே நல்லது. பிதா படைக்கிறார், குமாரன் மீட்கிறார், ஆவியானவர் காக்கிறார் என்று வேலையைப் பங்கு பிரித்துவிட்டால், குமாரன் மூலமாகவே எல்லாம் உண்டானது என்ற யோவான் 1:3-ஐ எங்கே வைப்பது?

கடைசியாக, ஜெபம். ‘பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு நன்றி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பல சபைகளிலும் கேட்கிறது. சிலுவையில் மரித்தவர் பிதா அல்லர். பிதாவே பாடுபட்டார் என்ற போதனையை இறையியலாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டிலேயே கேலி செய்து எழுதினார். ஜெபத்தை ‘பிதாவே’ என்று தொடங்கினால் ‘உம்முடைய குமாரனை எங்களுக்காகத் தந்தீரே’ என்று தொடருங்கள். ‘இயேசுவே’ என்று தொடங்கினால் ‘மரித்தீரே’ என்பது சரி. நடுவில் ஆளை மாற்றினால் பெயரைச் சொல்லி மாற்றுங்கள். ‘நீர்’ என்பது யாரைக் குறிக்கிறது என்று கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.