பைதானில் மின்னஞ்சல்: சப்ஜெக்ட் வரியில் தமிழ் உடையாமல் அனுப்புவது எப்படி

நிரல் எழுதி மெயில் அனுப்புவது எளிதுதான். அதற்குள் ஒரு தமிழ்ப் பெயரோ, மேற்குறி போட்ட பிரெஞ்சு எழுத்தோ நுழையும்போதுதான் தலைவலி ஆரம்பம். என்னை இது மூன்று நாள் படுத்தி எடுத்தது. ஆங்கில மெயில் உங்கள் நிரலிலிருந்து ஒழுங்காகப் போகிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கோப்பைச் சரியாகப் படியுங்கள்

பல நேரம் கோளாறு மெயிலில் இருக்காது, பெயர்ப்பட்டியலைப் படித்த இடத்தில் இருக்கும். ஓபன் கட்டளையில் என்கோடிங் (எழுத்துகளை பைட்டாக்கும் முறை, அதாவது குறியாக்கம்) யுடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விண்டோஸில் சொல்லாமல் விட்டால் விண்டோஸ்-1252 போன்ற பழைய குறியாக்கத்தில் படித்துவைக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் (புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு) யுடிஎஃப்-8இல் 3 பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால் தப்பாகப் படித்த தமிழில், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும். பார்த்ததுமே விண்டோஸ்-1252 வேலை என்று சொல்லிவிடலாம். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துரு பிரச்சினை, கதையே வேறு.

படி 2: மெயிலின் உள்ளடக்கம்

இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் மைம்டெக்ஸ்ட் என்ற பழைய கிளாஸ் வைத்து எழுதியவை. அதை விடுங்கள், பைதானோடு வரும் ஈமெயில்மெசேஜ் கிளாஸ் போதும். செட்_கன்டென்டில் உரையைக் கொடுத்து, சிடிஇ என்ற இடத்தில் பேஸ்64 என்று போடுங்கள். பைட்டுகளை ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றி அனுப்பும் முறை அது; க்வோட்டட்-பிரின்டபிள் இன்னொன்று. க்வோட்டட்-பிரின்டபிளில் ஒரு தமிழ் எழுத்து 9 குறிகளாக வீங்கும், பேஸ்64இல் 4தான். பிரெஞ்சு, ஜெர்மன் என்றால் க்வோட்டட்-பிரின்டபிளே மேல், பெரும்பாலான எழுத்துகள் அப்படியே நிற்கும்.

படி 3: சப்ஜெக்ட்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

ஹெடரில் (சப்ஜெக்ட், அனுப்புநர் போன்ற தலைப்பு வரிகளில்) ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் சாதாரணக் குறிகளும் மட்டுமே போகலாம் என்பது பழைய விதி. அதைச் சமாளிக்க 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதி ஆவணம் ஒரு வழி தந்தது: சார்செட் (குறியாக்கத்தின்) பெயரையும் பேஸ்64 உரையையும் சமக்குறி, கேள்விக்குறிகளால் கட்டிய துண்டாக்கி அனுப்புவது. ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது. கட்டுக்கே 12 போய்விடும். பேஸ்64 நான்கு நான்காகப் போவதால் மிச்சத்தில் 60தான் பயன்படும். அது 45 பைட், அதாவது 15 தமிழ் எழுத்து (புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு).

நான் என்ன செய்தேன்? உரையை பைட்டாக்கி, 45க்கு 45 என்று கையாலேயே வெட்டினேன். சோதனைக்கு வைத்திருந்தது இடைவெளியே இல்லாத ஒரு நீளமான சொல். 45 மூன்றால் வகுபடும், ஆகவே ஒவ்வொரு வெட்டும் எழுத்தின் எல்லையிலேயே விழுந்தது. அருமை என்று விட்டுவிட்டேன். உண்மையான சப்ஜெக்டில் ஓர் இடைவெளி வந்தது. இடைவெளி 1 பைட். அவ்வளவுதான், கணக்கு நழுவி, வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்தது. ஒட்டிய இடத்தில் கேள்விக்குறியுடன் கறுப்பு வைரங்கள்! சில செயலிகள் துண்டுகளைச் சேர்த்த பிறகே எழுத்தாக மாற்றுவதால் என் கணினியில் சரியாகவும், கைபேசியில் உடைந்தும் தெரிந்தது. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்.

எழுத்தைத் துண்டுகளுக்கிடையே உடைக்கக் கூடாது என்று அந்த ஆர்எஃப்சியிலேயே இருக்கிறது. எனவே கையால் எதையும் வெட்டாதீர்கள். தமிழ்ச் சரத்தை அப்படியே சப்ஜெக்டுக்குக் கொடுங்கள், ஈமெயில்மெசேஜ் பார்த்துக்கொள்ளும். நீங்களும் முன்கூட்டியே குறியாக்க வேண்டியதில்லை.

படி 4: அனுப்புநர் பெயர்

பெயரை மட்டும்தான் குறியாக்க வேண்டும், முகவரியைத் தொடக் கூடாது. பைதானின் அட்ரஸ் கிளாஸில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் முடிந்தது.

பின்சேர்க்கை: கோப்பில் ‘பெயர்’ என்ற நெடுவரிசை இருந்தும் இல்லை என்கிறது பைதான் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எக்செல், சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியைச் சேர்க்கும். அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்கிறது. யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்துப் படியுங்கள், போய்விடும்.

இன்னொன்று: ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒப்பிட்டால் பொருந்தாது. மேற்குறி எழுத்துகளுக்கும் இதே கதி. பெயரைப் படித்தவுடன் யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸில் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்துவிட்டு, அப்புறம் மெயில் பக்கம் போங்கள்.