அக்டோபர் 9 அன்று டெரிட்டோரியல் ஆர்மி தினத்தை ஊரில் நடத்துவது எப்படி

டிசம்பர் 7 கொடிநாள் என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும், உண்டியல் குலுக்கி வசூல் செய்வார்கள். அக்டோபர் 9 அப்படி இல்லை. இத்தனைக்கும் அந்த நாளை அதிக உரிமையோடு கொண்டாட வேண்டியது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம்தான். 1949-ல் அதே தேதியில் டெரிட்டோரியல் ஆர்மியை, அதாவது பகுதி நேர ராணுவத்தை, முறைப்படி தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி, அவர் பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். இதைச் சொல்லி ஆரம்பித்தாலே பாதிக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

வரலாறு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1920-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டபோது இரண்டு பிரிவாகப் போட்டான், ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் ஆக்சிலியரி ஃபோர்ஸ், இந்தியர்களுக்கு இந்தியன் டெரிட்டோரியல் ஃபோர்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் புதுச் சட்டம் வந்தது. படையின் அடிப்படை ஒன்றுதான்: பிழைப்புக்கு வேறு வேலை இருக்கும், வருடத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போவார்கள், நாட்டுக்குத் தேவைப்பட்டால் கூப்பிட்டதும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். 1962, 1965, 1971 மூன்று போரிலும் கிளம்பியிருக்கிறார்கள். ரயில்வே, எண்ணெய் நிறுவன ஊழியர்களைக் கொண்ட பிரிவுகளும் இதில் உண்டு.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பெரிய விளக்கமெல்லாம் தேவையில்லை, வேடியப்பன் கோயிலைக் காட்டினால் போதும். நம்ம பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் பல இடங்களில் நடுகல்தான். தர்மபுரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள் அதில் நிறைய. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன் ஆபத்து வந்ததும் வில்லோடு ஓடினான் என்றால், அதுவும் ஒரு வகை டி.ஏ. (டெரிட்டோரியல் ஆர்மி) தானே.

அப்புறம் படைப்பிரிவு பற்றி ஒரு பத்தி. காலாட்படையைச் சேர்ந்த டி.ஏ. பட்டாலியன் ஒவ்வொன்றும் ஒரு தாய் ரெஜிமென்ட்டோடு இணைந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் 110-வது பட்டாலியன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடும், திருச்சியில் இருக்கும் 117-வது கார்ட்ஸ் ரெஜிமென்ட்டோடும் சேர்ந்தவை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வேர் 1758-க்குப் போகிறது, சின்னத்தில் இருக்கும் யானை 1803-ல் மராத்தியர்களோடு நடந்த அசாயே போரின் நினைவு. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற போர் முழக்கத்தைப் பையன்கள் கத்தாமல் விடமாட்டார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு முறை கத்தட்டும், அஞ்சலி நேரத்தில் மட்டும் கூடவே கூடாது.

இனி அஞ்சலி. சொதப்புவது எப்போதும் இங்கேதான், அதனால் முந்தின நாள் ஒத்திகை பார்த்துவிடுங்கள். மேடை, ஷாமியானா எதுவும் வேண்டாம். கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பீடம், அதன்மேல் மலர் வளையம் சாய்ந்து நிற்க ஒரு தாங்கி, அவ்வளவு போதும். மலர் வளையத்துக்கு ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் பூவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சில வருடம் ஆயுத பூஜையை ஒட்டி இந்தத் தேதி வரும், அப்போது சாமந்தி விலை எகிறிவிடும், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அக்டோபரில் மாலை மழையை நம்ப முடியாது, காலையிலேயே முடித்துவிடுங்கள்.

என்.சி.சி. மாணவர்கள் இரண்டு பேர் மலர் வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுநடையில் முன்னே போக, விருந்தினர் பின்னால் வருகிறார். வைத்ததும் அவர் இரண்டடி பின்வாங்கி சாவ்தானில் (அட்டென்ஷனில்) நிற்க வேண்டும். தொப்பி போட்டிருந்தால் சல்யூட், வெறும் தலையோடு இருந்தால் நேராக நிற்பது மட்டும்தான், நம் ராணுவ வழக்கம் அது. பெரியவர்கள் பலர் ஆர்வத்தில் வெறும் தலையோடு சல்யூட் அடித்துவிடுவார்கள், முன்பே காதில் போட்டு வையுங்கள். அடுத்து லாஸ்ட் போஸ்ட் என்ற பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) இசை, அது முடிந்ததும் இரண்டு நிமிட மௌனம், பிறகு மௌனத்தை முடித்துவைக்கும் ரவுஸ் இசை. பியூகிள் ஊத ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் பதிவை ஒலிக்கவிடலாம். அப்போது மைக் செட்காரர் பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும், ஏனென்றால் லாஸ்ட் போஸ்ட் முடிந்த கையோடு அடுத்த பாட்டு தானாக ஓடினால் மௌனம் கெட்டுவிடும். ராணுவத்தில் செய்யும்போது வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை குனிந்து நிற்பார்கள், அதற்கு ஷோக் ஷஸ்த்ர் என்று பெயர். மரத் துப்பாக்கியை வைத்து அதை நகல் எடுக்க முயல வேண்டாம், பார்க்க நாடகம் மாதிரி ஆகிவிடும்.

யார் முதலில் மலர் வளையம் வைப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் சண்டை. என் கருத்து, ஊரில் வீரமரணம் அடைந்தவர் குடும்பம் இருந்தால் அவர்கள், அடுத்து முன்னாள் படைவீரர்களில் மூத்தவர், அதற்குப் பிறகே தலைவர், கவுன்சிலர் எல்லோரும். ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தே தீரவேண்டும் என்றால் அதில் வீரர் பெயர் மட்டும் இருக்கட்டும். முன்னாள் படைவீரர்களைத் திரட்ட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பதக்கம் இருப்பவர்கள் சட்டையின் இடது மார்பில் குத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயத்தில் உஷாராக இருங்கள். ராணுவ வீரர் என்று பிறர் நம்பும்படி மற்றவர்கள் அந்தச் சீருடை அணிவது சட்டப்படி குற்றம், அதனால் கடையில் கிடைக்கும் காமஃபிளாஜ் டிரஸ்ஸில் யாரையும் அணிவகுப்பில் நிறுத்தாதீர்கள். துக்கம் என்று நினைத்துத் தேசியக்கொடியை அரைக்கம்பத்தில் இறக்கவும் கூடாது, அது அரசு உத்தரவிட்டால் மட்டுமே.

முடிந்ததும் டீ குடிக்கும் நேரத்தில் தோனி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அவருக்கு 2011-லும், நடிகர் மோகன்லாலுக்கு 2009-லும் டி.ஏ.வில் கொடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி, வழக்கமான தேர்வில் வந்ததல்ல என்று சொல்லுங்கள். அதிகாரியாகச் சேர வயது 18 முதல் 42, பட்டப்படிப்பு, கையில் ஒரு வேலையோ சொந்தத் தொழிலோ வேண்டும். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன் 'கூப்பிட்டால் என் வேலை என்னாகும்' என்று கேட்டால், சேவை முடிந்து வருபவரைத் திரும்ப வேலையில் அமர்த்தும் கடமை முதலாளிக்கு உண்டு என்று 1948 சட்டத்திலேயே இருக்கிறது, 7A பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள்.