பஷ்தோவில் 'நான்' மாறும் இடம்

ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் பேசப்படும் பஷ்தோ மொழியைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது 'நான்' என்ற சொல்லில்தான். அதற்கு இரண்டு வடிவம்: ஸ, மா. 'நீ'க்கும் அப்படியே: த, தா. நம் நான்–என், நீ–உன் போலத்தான்.

'புத்தகத்தைப் பார்க்கிறேன்' என்றால் 'ஸ கிதாப் வீனம்'. 'பார்த்தேன்' என்றால் 'மா கிதாப் வுலீத்'. செயப்படுபொருள் உள்ள வினை இறந்தகாலத்துக்குப் போனதும் எழுவாய் 'மா' ஆகிவிடும்; வினையோ புத்தகத்தோடு இயையும். பல புத்தகங்களா? 'மா கிதாபூன வுலீதல்'. தமிழ்க் காதுக்கு இது புதிது. இங்கே நிதானமாகப் பழகுங்கள்.

'போனேன்' போன்ற வினைக்கு இந்த மாற்றம் கிடையாது: 'ஸ லாடம்'. அப்புறம், 'நீ என்னைப் பார்க்கிறாய்' என்பதில் வரும் 'என்னை'யும் 'மா'தான். ஒவ்வொரு வினையையும் நிகழ்காலம், இறந்தகாலம் என்று ஜோடி வாக்கியமாகவே மனப்பாடம் செய்யுங்கள்.