மலைப்பாதையில் பின்புற மோதல்: தவறு யாருடையது என்று பார்ப்பது எப்படி?

பின்னால் வந்தவர்தான் இடித்தார் என்று கூடி நிற்பவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சமதரையில் அது பெரும்பாலும் சரி. முன் வாகனம் சட்டென்று நின்றாலும் தானும் நிற்பதற்குப் போதிய இடைவெளி விட்டு வருவது பின்னால் வரும் சாரதியின் கடமை. ஆனால் இலங்கை மலையகத்தின் கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் கினிகத்தேனையிலும் வீதியின் சரிவைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஒரு தவறும் செய்யாதவர் அப்படித்தான் நஷ்டஈடு கட்ட நேர்கிறது.

முதலில் காயமடைந்தவர்களைக் கவனியுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. வளைவாக இருந்தால் இருபுறமும் ஆள் நிறுத்தி, வரும் வாகனங்களை எச்சரியுங்கள். வாகனங்களை நகர்த்தும் முன் படம் எடுங்கள். சரிவும் இரு வாகனங்களும் ஒரே படத்தில் விழ வேண்டும்.

இரண்டாவது, ஏற்றமா இறக்கமா என்று பாருங்கள். இதுதான் முக்கியம். ஏற்றத்தில் நின்று கிளம்பும் வாகனம், கிளச்சும் பிரேக்கும் ஒத்துவராமல் பின்னோக்கி உருளலாம். பின்னால் அசையாமல் நின்ற காரின் முன்பகுதி நசுங்கும். பார்ப்பவருக்கு அந்தக் கார் இடித்தது போலவே தோன்றும். அப்படியானால் தவறு முன்னால் நின்றவருடையது. அடையாளங்களைத் தேடுங்கள். வேகமாக வந்து பிரேக் பிடித்த வாகனத்தின் முகப்புத் தாழும். அதனால் முன் வாகனத்தில் அடி சற்றுக் கீழே விழும். மெதுவாக உருண்டு வந்து முட்டினால் இரு பம்பர்களிலும் தடயம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும், சேதமும் குறைவாக இருக்கும். டேஷ்கேம் (வாகனத்தில் பொருத்திய கமரா) காட்சி இருந்தால் அதை விடப் பெரிய சாட்சி இல்லை.

இறக்கத்தில் சந்தேகம் பின்னால் வந்தவர் மீதே திரும்பும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு விநாடியில் 11 மீற்றர் நகர்ந்துவிடுகிறது. கால் பிரேக்கைத் தொடவே ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். மழை ஈரமும் சரிவும் அதற்கு மேல். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். கருகிய வாடை வந்ததா என்று அங்கேயே கேட்டு வையுங்கள். பனிமூட்டமும் சாக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும்.

மூன்றாவது, முன்னால் இருந்தவரின் பங்கு. பிரேக் விளக்கு எரிந்ததா? முந்திச் சென்று குறுக்கே புகுந்து பிரேக் போட்டாரா? வளைவு திரும்பியதும் விளக்கின்றி லொறியை நிறுத்தியிருந்தாரா? இவற்றில் ஒன்று உறுதியானால் பொறுப்பு இருவருக்கும் பகிரப்படலாம்.

மூன்று வாகனங்கள் மோதினால் முதல் வாகனத்தில் இருந்தவரிடம் எத்தனை அடி உணர்ந்தார் என்று கேளுங்கள். ஒன்று என்றால், நடு வாகனம் பின்னாலிருந்து தள்ளப்பட்டிருக்கலாம். இரண்டு என்றால், நடு வாகனம் தானே முதலில் இடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாகப் பொலிஸில் தரும் வாக்குமூலம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், நம்பகமான ஒருவரை வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வீதி எந்தப் பக்கம் சரிந்திருந்தது, எந்த வாகனம் நின்றிருந்தது என்ற இரண்டும் அதில் பதிவாகியிருந்தால் மட்டும் கையொப்பமிடுங்கள்.