அயர்லாந்தின் சிறு நகரத்தில் எந்தக் கடை மூடுகிறது, எது வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி

கண்ணாடிக்கு உள்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது, கதவில் பூட்டு, போன மாதம் வரை செருப்பு விற்ற இடம். இனி அங்கே என்ன வரும்? நான் இருப்பது கிளேர் கவுன்டியில், என்னிஸ் நகரத்தில். இங்கே வந்த முதல் வருடம் இதெல்லாம் எனக்குக் கடைசியாகத்தான் தெரிய வரும். இப்போது பெரும்பாலும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. வழி சொல்கிறேன், அயர்லாந்தின் எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் கதவைப் படியுங்கள். கட்டடத்தில் பெரிய மாற்றம் செய்யவோ, சாதாரணக் கடையை டேக்அவே (சாப்பாடு பார்சல் கடை) ஆக்கவோ உள்ளாட்சிக் கவுன்சிலின் பிளானிங் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போடுபவர் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் அந்த இடத்திலேயே ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டும், பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வாரம் நோட்டீஸ் அங்கேயே இருக்க வேண்டும். வழக்கமாக வெள்ளைத் தாள்தான். மஞ்சளாக இருந்தால், அதே இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது என்று அர்த்தம், அதாவது அங்கே ஏதோ இழுபறி நடக்கிறது. மழையில் எழுத்து கரைந்து போயிருந்தாலும் கவலை வேண்டாம், கவுன்சிலின் இணையதளத்தில் தெருப் பெயரைப் போட்டுத் தேடினால் விண்ணப்பமும் வரைபடமும் கிடைக்கும். படம் பார்க்க வேண்டும் என்று தவறாமல் சொல்வேன், ஏனென்றால் "உள் மாற்றங்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பதில்தான் சமையலறைப் புகைபோக்கி ஒளிந்திருக்கும்.

கருத்துச் சொல்ல விரும்பினால் அந்த ஐந்து வாரத்துக்குள் 20 யூரோ கட்டி எழுதிக் கொடுக்கலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். பொதுவாக எட்டு வாரத்தில் முடிவு வரும். முடிவு பிடிக்கவில்லை என்றால் நான்கு வாரத்துக்குள் அன் கொமிஷூன் பிளனாலா என்ற ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம் (2025 வரை அதன் பெயர் அன் போர்ட் பிளனாலா, பழைய பெயரைத்தான் ஊரில் இன்னும் சொல்கிறார்கள்). ஆனால் ஆரம்பத்தில் அந்த 20 யூரோ கட்டி எழுதியவர்களுக்குத்தான் பொதுவாக அந்த வாய்ப்பு. ஆகவே "பிறகு பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

சரி, இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. செருப்புக் கடை போய் முடிதிருத்தும் கடை வந்தால் நோட்டீஸே வராது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் சில்லறைக் கடை, முடிதிருத்தகம், தபால் அலுவலகம், டிரை கிளீனிங் எல்லாமே "கடை" என்ற ஒரே வகை. ஊரில் நடக்கும் மாற்றங்களில் பாதிக்கு மேல் இப்படிக் காகிதம் இல்லாமல்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். அங்கேதான் காது வேண்டும்.

காதுக்கு இரண்டு இடம். ஒன்று உள்ளூர் ஊடகம்: இங்கே 1903 முதல் வரும் கிளேர் சாம்பியன் வாரப் பத்திரிகை, அப்புறம் கிளேர் எஃப்எம். பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். பிளானிங் விளம்பரம், வேலைக்கு ஆள் தேவை, வாடகைக்கு விடும் ஆக்ஷனியர் விளம்பரம் (வீடு, கடை விற்றுக் கொடுப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எல்லாம் அங்கேதான். புதுக் கடைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் பெரும்பாலும் பெயர்ப் பலகைக்கு முன்பே வந்துவிடும். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், உறுப்பினர் கட்டணம் கிடையாது.

உள்ளூர் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள், அதைக் கேட்கத் தவறாதீர்கள், துக்கத்துக்காக அடைத்த கடையை ஒரேயடியாக மூடிவிட்டார்கள் என்று நினைக்காமல் இருக்கலாம். ஒரு தடவை ஒரு மளிகைக் கடைக் கதவில் கையால் எழுதிய சின்ன அட்டை, "கடை மூடப்பட்டுள்ளது" என்ற வரி மட்டும் தூரத்திலிருந்து தெரிந்தது. கடையையே மூடிவிட்டார்கள் என்று நானே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் கீழே சின்ன எழுத்தில், குடும்பத்தில் துக்கம், வெள்ளிக்கிழமை திறப்போம் என்று இருந்தது. இறந்தது கடைக்காரரின் அம்மா. சொன்ன நாலு பேரிடமும் திரும்பிப் போய்த் திருத்திச் சொன்னேன். அப்படி ஒரு வதந்தி கிளம்பினால் அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு வீட்டு வாடகையே பயமாகிவிடும். அதனால் கிட்டே போய் முழுவதும் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இரண்டாவது இடம் கல்லா. கூட்டம் இல்லாத நேரத்தில் போய் எதையாவது வாங்குங்கள், பால் பாக்கெட் போதும். "ஏதாவது சேதி உண்டா" என்று கேட்பது இங்கே கிட்டத்தட்ட வணக்கம் சொல்வது மாதிரி, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பக்கத்துக் கடையைப் பற்றிக் கேளுங்கள், அவர்கள் கடையைப் பற்றியே நேராகக் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

வங்கி போனால் தெருவே மாறும். 2021இல் அயர்லாந்துக் குடியரசில் பேங்க் ஆஃப் அயர்லாந்து 88 கிளைகளை மூடியது, 2023இல் அல்ஸ்டர் பேங்க் கிளைகள் நாடு முழுக்க மூடின. வங்கிக்கு வந்தவர்கள் அப்படியே பக்கத்தில் ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார்கள், அந்த வியாபாரமும் கூடவே போகிறது. ஆகவே உங்கள் ஊரில் வங்கி மூடும் சேதி வந்தால் அந்த வரிசையில் இருக்கும் சின்னக் கடைகளையும் கவனியுங்கள், கவுன்சிலரிடமும் பேசுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் அயர்லாந்துக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் ஓட்டு உண்டு, 18 வயதும் இங்கே குடியிருப்பும் போதும், பெயரை மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடை நிஜமாகவே மூடப் போகிறது என்று உறுதியானால் முதல் வேலை, டிராயரில் கிடக்கும் அந்தக் கடையின் கிஃப்ட் வவுச்சரை எடுங்கள். சட்டப்படி வவுச்சர் குறைந்தது ஐந்து வருடம் செல்லும், ஆனால் கம்பெனி கலைக்கப்பட்டால் பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் நீங்கள் கடைசியில்தான் நிற்க வேண்டும். கதவு திறந்திருக்கும் போதே போய்ச் செலவழித்துவிட்டு, அப்படியே அவர்களிடம் நன்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.